நாற்பத்தெட்டு நாள் தண்ணீர்

"தலைக்கு எண்ணெய் வச்சாச்சு, இனி பேச்சு கிடையாது, எந்திரி…"

"எண்ணெய் நீங்க வச்சிய, நான் வைக்கச் சொன்னேனா…"

"நீ சொல்லி நான் வைக்கணுமாட்டி? எந்திரிங்கேன்…"

"வயித்துல பிள்ளைய வச்சிக்கிட்டு அந்தத் தண்ணிக்குள்ள போயி நிக்க மாட்டேன் அத்தை. மாட்டேன்னா மாட்டேன்…"

"இந்தா, ஆரம்பிச்சுட்டா. சுந்தரி, துண்டை எடு. இவ பேசுததைக் காதுல போடாத."

நான் துண்டை எடுத்தேன்.

அது 1961ஆம் வருஷம், ஆடி பிறந்த மறுநாள். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு ஓட்டு வீட்டின் பின்கட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். என் அம்மா, அண்ணன் வல்லிநாயகத்தின் பெண்டாட்டி முத்துவடிவு, நான். எனக்குப் பத்தொன்பது வயது. முத்துவடிவை மைனி என்று கூப்பிடுவேன். என்னைவிட மூன்று வயது மூத்தவள். எங்கள் சொந்த வீடு மூன்று மைல் தள்ளித் தென்காசியில் இருந்தது. மூன்று மைலுக்கு யாராவது வாடகை வீடு பிடிப்பார்களா என்று கேட்கலாம். தினமும் வண்டியில் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பினால் வழி நெடுக ஆள் பார்க்கும். அம்மாவுக்கு அது ஆகாது.

குற்றாலத்தில் அப்போது வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான். "சீசனுக்கா, தண்ணிக்கா?" சீசனுக்கு வருகிறவர்கள் சாரலில் நனைந்து, மங்குஸ்தான் தின்று, குரங்குக்குப் பயந்து நாலு நாளில் ஊர் திரும்பிவிடுவார்கள். தண்ணிக்கு வருகிறவர்கள் புத்தி பேதலித்த ஒருவரைக் கூட்டி வந்து நாற்பத்தெட்டு நாள் இருப்பார்கள். காலையும் சாயங்காலமும் உச்சியில் எண்ணெய், பிறகு அருவிக்கு அடியில் தலை. இடையில் ஒரு நாள் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். பெண்களுக்குத் தூரமான நாட்களை மட்டும் தள்ளி எண்ணலாம்.

வீட்டுக்காரர் கேட்டதும் அம்மா, "எனக்குத்தான் மூட்டுவலி, சீசனுக்கு வந்தோம்" என்றாள். அவர் அம்மாவின் முழங்காலைப் பார்க்கவில்லை. மைனியைப் பார்த்தார். பின்கட்டுச் சாவியைக் கொடுத்தார்.

மைனிக்குத் தை மாதம் ஒரு ஆண்பிள்ளை பிறந்து பதினொன்றாம் நாள் செத்துப்போனது. அதற்குப் பிறகு மாசி முழுக்க அவள் சரியாக இல்லை, அது நிஜம். வயிற்றில் சேலையைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டு, "உள்ளதான் இருக்கு, வெளிய வரவே இல்ல, நீங்கதான் பொய் சொல்லுதிய" என்பாள். பால் கட்டி, ஜுரம் வந்து, ராப்பகலாகத் தூக்கம் இல்லை. அய்யாத்துரை வைத்தியர் வந்து நாடி பார்த்தார்.

"பித்தம் தலைக்கு ஏறிட்டு ஆச்சி. சூடு கூடினதுனால மாசந்தோறும் போக வேண்டியதும் போகாம நின்னிருக்கு. குத்தாலத் தண்ணி ஒரு மண்டலம் விழணும். எப்பம் அது மறுபடி போகுதோ, அப்பம் பித்தம் இறங்கிட்டுன்னு அர்த்தம். அதுவரைக்கும் உங்க மகனைப் பக்கத்துல விடாதிய."

சீசன் ஆனியில்தான் பிறக்கும். அதுவரை மைனியின் பாயை அம்மா தன் பாய்க்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். பங்குனி பிறக்கும் முன்னால் வடகரையில் பெரியம்மா கால் முறிந்து படுக்க, அம்மா அங்கே போகும்படி ஆயிற்று. சித்திரை கழிந்துதான் திரும்பினாள்.

அந்த இரண்டு மாதத்தில் மைனி தெளிந்துவிட்டாள். வைத்தியமும் இல்லை, தண்ணியும் இல்லை. வயிற்றுச் சேலையை அவளே அவிழ்த்தாள். ஒரு நாள் குழம்பில் உப்பு இல்லை என்று என்னை வைதாள். பங்குனி உத்திரத்தன்று தூரமாகிக் கிணற்றடியில் உட்கார்ந்தாள். சித்திரையில் மறுபடி உட்கார்ந்தாள். துணி அலசியது நான். அண்ணன் எந்த அறையில் படுத்தான் என்பதும் எனக்குத் தெரியும். அம்மா வந்த பிறகு நாங்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. வைகாசியில் மைனி தள்ளி உட்காரவில்லை.

"அத்தை, எனக்கு நாள் தள்ளியிருக்கு" என்று அவள் அம்மாவிடம் சொன்னபோது, அம்மா என்னைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டாள். "பித்தம் போகலியே இவளுக்கு. இன்னும் அதையேதான் சொல்லுதா."

காலையில் வாந்தி எடுத்தாள். பித்த வாந்தி என்றாள் அம்மா. ஆனி பத்தாம் தேதி எங்களைக் குற்றாலத்துக்குக் கூட்டி வந்தாள்.

இருபத்திரண்டு நாள் மைனி தர்க்கம் பண்ணாமல் தண்ணீருக்கு வந்தாள். இருபத்து மூன்றாம் நாள்தான் நான் முதலில் சொன்ன சண்டை. அம்மா கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"சரி, வராத. உங்கப்பா வீட்டுக்கே அனுப்பிருதேன். சுந்தரபாண்டியபுரத்துல உன் சித்தி ஆரத்தி எடுத்து உள்ள கூப்பிடுவா, போ."

தாய் இல்லாத மைனி எழுந்து வந்தாள்.

*

முன்கட்டில் வடகரை ஹாஜரா பீவி இருந்தாள். அவளுக்கு நிஜமாகவே மூட்டுவலி. அவள் மகன் பரீது வடக்கே ஒரு இரும்பு ஆலையில் பிட்டர் வேலை. ஆலையிலிருந்து அவனை ஒரு வருஷம் ஜெர்மனிக்குப் பழக அனுப்பியிருந்தார்கள். அவனுடைய கடிதம் வடகரைக்கு வந்து, யாரோ கையில் அன்றைக்கு மத்தியானம் குற்றாலம் வந்து சேர்ந்தது. பீவிக்குப் படிக்கத் தெரியாது.

"சுந்தரிப் புள்ளே, இதைக் கொஞ்சம் வாசி. சத்தமா வாசி, அவன் பேசுத மாதிரி இருக்கும்."

நான் வாசித்தேன். மைனி சுவரோரம் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள்.

"அன்புள்ள உம்மாவுக்கு மகன் பரீது ஸலாம் சொல்லி எழுதுவது. நெஞ்சுச் சளி இப்போது குறைவு, அழ வேண்டாம். என்னை மூன்று வாரத்துக்கு ஒரு சின்ன ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். உம்மா, இது இவர்களுடைய குத்தாலம். ஊருக்கு முதுகுப்புறம் மலை, மலை பூராவும் காடு. ஆனால் ஒரே ஜாதி மரம், இலையெல்லாம் ஊசி, மத்தியானமும் உள்ளே இருட்டு. தண்ணீர் மேலே இருந்து விழவில்லை. பூமிக்கு அடியில் இருந்து சுடச்சுட வருகிறது. அழுகின முட்டை வாடை. அதைக் கிளாசில் பிடித்து, நடந்துகொண்டே குடிக்கிறார்கள். சண்டையில் கால் போனவர்கள், கண் போனவர்கள் நிறையப் பேர். யாரும் சத்தம் போட்டுப் பேசுவதில்லை. நம் ஊர் ஆள் ஒருத்தன் இருந்து ஒரு கூப்பாடு போட்டால் தேவலை என்று இருக்கிறது…"

"என் ராசா" என்றாள் பீவி. "அங்கன போயி கூப்பாட்டுக்கு அழுதிருக்கான் பாரு. இங்கன இருக்கும்போது நான் இருமினாலே சத்தம்பான். ம், வாசி."

"நினைத்தவுடன் தண்ணீருக்குள் இறங்க முடியாது. முதலில் டாக்டர் பார்த்து, குழாய் வைத்து, எத்தனை நிமிஷம் என்று சீட்டு எழுதுகிறார். எனக்கு எட்டு நிமிஷம். எட்டு ஆனதும் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு அம்மா வந்து எழுப்பிவிடுகிறாள். சிரிக்கவே மாட்டாள். வாசலில் பலகை இருக்கிறது. கூட இருக்கிற வங்காளிப் பையன் படித்துச் சொன்னான், இருதயம் கெட்டவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் இறங்கக்கூடாது…"

"அதை இன்னொரு மட்டம் வாசி" என்றாள் மைனி.

வாசித்தேன்.

"பார்த்தியா. அங்க ஒரு பலகைக்குத் தெரியுது."

"எதுக்கு புள்ளே கேக்க?" என்றாள் பீவி. "யாரு மாசமா இருக்கா?"

"நான்தான்."

பீவி என்னைப் பார்த்தாள். நான் மைனிக்குத் தெரியாதபடி கடிதத்தைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு, என் நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு விரலைச் சுழற்றிக் காட்டினேன்.

"சரிம்மா, சரி ராசாத்தி" என்றாள் பீவி உடனே. சின்னப்பிள்ளையிடம் பேசுகிற குரல் வந்துவிட்டது அவளுக்கு. மைனி அந்தக் குரலைக் கேட்டதும் உள்ளியைக் கீழே வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் விரல் அதற்குள் கடிதத்துக்குப் பின்னால் போய்விட்டது.

ஆனாலும் பீவி சாயங்காலம் அம்மாவிடம் பேசத்தான் செய்தாள்.

"ஆச்சி, ஒரு எட்டு தென்காசியில லேடி டாக்டர்ட்ட காட்டிருங்களேன். காட்டினா என்ன கொறஞ்சா போவும்?"

"தென்காசி ஆஸ்பத்திரி வாசப்படியில நான் இவளை ஏத்தினா, அன்னைக்கே ராயகிரிக்குத் தெரிஞ்சிரும் பீவி. என் மகளைப் பொண்ணு கேட்டிருக்காவ அங்க."

"அங்க அவங்க நாட்டுலயே டாக்டரு பாத்துத்தான்…"

"அது மண்ணுக்குள்ள இருந்து வார தண்ணி. அதுல என்ன கெடக்கோ, அவன் பயப்படுதான், பலகை வைக்கான். இது மூலிகையில உருண்டு வந்து குத்தாலநாதர் வாசல்ல விழுதது. இதுக்குப் பலகை வைக்கவா?"

வாடகை வீட்டில் முன்கட்டும் பின்கட்டும் எவ்வளவு பேசலாமோ அவ்வளவு பேசியாயிற்று.

*

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். கையில் ஒரு தூக்குச்சட்டி, புது எண்ணெய்ப் புட்டி. மைனி அவன் சைக்கிளை நிறுத்தும் முன்னாலேயே வாசலுக்குப் போய்விட்டாள்.

"உங்க அம்மாட்ட சொல்லுங்க. சித்திரையில நீங்க எங்கூட இருந்தியளா இல்லியான்னு சொல்லுங்க."

"உள்ள வா, உள்ள வச்சுப் பேசுவோம்…"

"இங்கனயே சொல்லுங்க."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னலே சொல்லுதா இவ? வைத்தியர் அத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னாவளே. நீ அவகிட்டப் போனியா?"

அண்ணனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. தென்காசிக் கடைத்தெருவில் நாலு பேரை வேலை வாங்குகிறவன். அம்மா 'லே' என்றால் மட்டும் பத்து வயதாகிவிடும். சைக்கிள் மணியை ஒரு தடவை தடவினான்.

"இல்லம்மா."

"சத்தமா சொல்லு."

"இல்லம்மா. நான் போகல."

மைனி சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அம்மா பிறகு எல்லாரிடமும் சொல்லிக் காட்டினாள். "புருசன் முகத்தைப் பாத்து சிரிக்கா, கோட்டிக்காரி. கண்ணுல தண்ணி வருது, வாயி சிரிக்குது."

அண்ணன் சாப்பிடாமல் போனான். போகும்போது என்னிடம், "பாத்துக்கோ அவளை" என்றான். "பாத்துக்கிடுதேன்" என்றேன்.

*

பேரருவியில் தண்ணிக்கு வந்த பெண்களைப் பிடித்து நிறுத்துவதற்கென்று இசக்கி என்று ஒருத்தி இருந்தாள். ஆண்பிள்ளை மாதிரித் தோள். சேலை நுனியை நோயாளியின் இடுப்பில் முடிந்து, மறுநுனியைத் தன் இடுப்பில் முடிந்துகொள்வாள். உள்ளே போனதும் முதல் அடி தலையில் நேராக விழாதபடி தன் உள்ளங்கையை உச்சியில் வைத்திருப்பாள். அப்புறம் கையை எடுத்துவிடுவாள். எத்தனை பேர் அலறியிருந்தாலும் தண்ணீர் சத்தத்தில் கேட்காது.

இருபத்தொன்பதாம் நாள். அம்மா குற்றாலநாதர் கோயிலைச் சுற்றப் போயிருந்தாள். பாறை மறைவில் மைனியை உட்காரவைத்து அவளுக்குப் பதிலாக இசக்கி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மார்பில் தேய்த்த கை நின்றது. மறுபடி பார்த்தாள். அடிவயிற்றில் ஒரு தடவை அழுத்தினாள்.

"தாயி, உனக்குத் தூரமாயி எத்தனை நாளாச்சு?"

"சித்திரை எட்டாம் தேதி."

"ஏன் யாரும் எங்கிட்டச் சொல்லல?"

"நான் சொன்னா யாரு கேக்கா? நான் கோட்டிதான. இந்தா நிக்காளே, அவளைக் கேளுங்க. அவதான் துணி அலசினா. பங்குனிக்கும் அலசினா, சித்திரைக்கும் அலசினா. சொல்லுட்டி சுந்தரி. இப்பமாவது சொல்லு."

இசக்கி எண்ணெய்க் கையோடு என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லு புள்ளே. இது வெளையாட்டு இல்ல. மாசமா இருந்தான்னா நான் உள்ள கூட்டிட்டுப் போக மாட்டேன். உங்க அம்மை என்ன கத்தினாலும் சரி. அந்தப் பாவத்தை நான் தலையில போட்டுக்கிட மாட்டேன். நீ அலசினயா?"

ராயகிரியிலிருந்து அந்த வாரம்தான் ஒரு கார்டு வந்திருந்தது. ஆவணி முதல் வாரம் வருகிறோம், தங்கள் மருமகளுக்குப் பூரண சுகம் ஆனதும் எழுதவும் என்று இருந்தது. சுகம் என்ற இடத்தில் மசி சற்றுத் தடித்திருந்தது. எனக்கு இதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து, கோட்டி இருக்கிற வீடு என்று திரும்பிப் போயிருந்தது. இப்போது நான் அலசினேன் என்றால் தண்ணி நிற்கும். அண்ணன் பொய் சொன்னதும் வெளியே வரும். மண்டலம் முடியாததால் வைத்தியர் தெளியவில்லை என்பார். அடுத்த வருஷச் சீசன் வரைக்கும் யாரும் எங்கள் வாசலை மிதிக்க மாட்டார்கள். இவ்வளவையும் நான் அந்தப் பாறையில் நின்று யோசித்தேனா என்றால், யோசித்தேன்.

"இல்லக்கா" என்றேன். "தைக்குப் பொறவு நான் அலசவே இல்ல."

"சுந்தரி."

"வைத்தியர் சொன்னாவள்ளா, சூட்டுல நின்னுட்டுன்னு. அதுதான். மைனிக்கு மாசியில இருந்தே இந்த நெனப்பு."

"பங்குனி உத்திரத்துக்கு நான் ஏன் கோயிலுக்கு வரல? கிணத்தடியில எனக்கு யாரு தட்டுல சோறு வச்சா? அவ பொய் சொல்லுதா இசக்கியக்கா, என் பிள்ளை மேல சத்தியமா பொய் சொல்லுதா…"

"எந்தப் பிள்ளை தாயி?" என்றாள் இசக்கி மெதுவாக.

தலையெல்லாம் எண்ணெய் வழிய, அரைச்சேலையோடு அழுகிற ஒருத்தி. மடித்த துண்டோடு நிற்கிற ஒருத்தி. இசக்கி யாரை நம்புவாள்?

"எத்தனை பேரு இப்படிச் சொல்லியாச்சு" என்று இசக்கி எழுந்து முடிச்சைப் போட்டாள். "போன வருசம் ஒருத்தி அவ வயித்துல முருகனே இருக்காருன்னா. வா தாயி. கண்ணை மூடிக்கோ."

அன்றையிலிருந்து மைனி எதிர்த்துப் பேசவில்லை. எண்ணெய் வைக்கக் கூப்பிட்டால் தலையைக் குனிந்தாள்.

"பாத்தியா, வசத்துக்கு வந்துட்டா" என்றாள் அம்மா.

*

முப்பத்தாறாம் நாள். மலையில் இரண்டு நாளாக நல்ல மழை. வீட்டுக்குள் இருந்தே அருவிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தண்ணீர் செம்மண் கலந்து, பாறையை விட்டு வெளியே தாவி விழுந்துகொண்டிருந்தது. சீசன்காரர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை.

"இன்னைக்கு ஓரத்துல நனைச்சுக் கூட்டியாந்துருதேன் ஆச்சி" என்றாள் இசக்கி.

"ஓரத்துல நனைஞ்சா எண்ணிக்கையில சேருமா?"

"சேராதுதான்."

"இன்னும் பன்னிரண்டு நாளு. முதல்லேருந்து ஆரம்பிச்சா ஆவணி, புரட்டாசின்னு போயிரும். நீ ஒரு நிமிசம் உள்ள காட்டிட்டு வந்துரு இசக்கி. உனக்குத் தெரியாத தண்ணியா?"

இசக்கி அம்மாவைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். மைனியே முதல் அடி எடுத்து வைத்தாள். முடிச்சு இழுக்க இசக்கி பின்னால் போனாள். இரண்டு பேரும் மறைந்தார்கள். நான் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் மைனி பத்தடி நடந்தாள். ஒரு கல்லைப் பிடித்தாள். குந்தி உட்கார்ந்தாள். அவள் காலுக்கு அடியில் ஓடிய தண்ணீர் வேறு நிறமாகப் போயிற்று.

"குத்தாலநாதா!" என்று அம்மா கும்பிட்ட கையைக் கீழே விடவில்லை. "எறங்கிட்டு! வைத்தியர் சொன்னது சொன்னபடி! சுந்தரி, பாத்தியாட்டி, பித்தம் எறங்கிட்டு!"

பாலத்தில் நின்றவர்களில் ஒருவர், என்ன விசேஷம் என்று கேட்டார். அம்மா சிரித்தாள். கண்ணில் தண்ணீர். என் அம்மாவை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

"ஆச்சி" என்றாள் இசக்கி. அவள் குந்தி மைனியின் முதுகைப் பிடித்திருந்தாள். "இது தூரம் இல்ல ஆச்சி. தூரத்துக்கு இப்படிப் போகாது."

"ஆறு மாசமா கட்டிக் கெடந்தது வேற எப்படி வரும்?"

இசக்கி என்னைப் பார்த்தாள். தன் இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள், மைனியின் முடிச்சை அவிழ்த்தாள். நனைந்த சேலையைப் பிழியாமலே நடந்து போனாள். மறுநாளிலிருந்து அந்தப் பக்கம் வேறு ஒருத்தி நின்றாள்.

துணி அலச வேண்டியது நான்தான். வீட்டுக்குப் பின்னால் ஓடை. துணிக்குள் என்ன இருந்தது என்று பார்த்தேன். அம்மா முன்வாசலில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாழைக்குப் பக்கத்தில் கையாலேயே தோண்டினேன், மண் ஈரமாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது மைனி சுவரைப் பிடித்துக்கொண்டு பின்வாசலில் நின்றாள்.

"எங்கன?"

"வாழைக்கடியில, மைனி."

அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பீவி ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். பூண்டும் கருப்பட்டியும் நல்லெண்ணெயில் கிண்டியது.

"எதுக்கு பீவி இது? இதைப் பெத்தவளுக்கில்லா குடுப்பாவ" என்றாள் அம்மா.

"குடிக்கட்டும் ஆச்சி" என்றாள் பீவி. விளக்கு மாடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

*

மண்டலம் முடியக் காத்திருக்கவில்லை. அடையாளம் வந்துவிட்டதே. பத்து நாள் கழித்து, உதிரப்போக்கு நின்றதும் அம்மா எங்களைத் தென்காசிக்குக் கூட்டி வந்தாள். இந்தத் தடவை பகலிலேயே, திறந்த வண்டியில். அய்யாத்துரை வைத்தியர் வந்து மைனிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"உம் பேரு என்ன தாயி?"

"முத்துவடிவு."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"வயித்துல ஏதும் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல."

"பாத்தியளா ஆச்சி!" என்று வைத்தியர் தொடையில் தட்டினார். அண்ணன் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே போய்விட்டான்.

அன்றைக்கே அம்மா ராயகிரிக்குக் கார்டு எழுதச் சொன்னாள். நான்தான் எழுதினேன். பூரண சுகம்.

ஆவணி மூன்றாம் தேதி அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் பெண்ணைப் பார்க்கும் முன்னால் எங்கள் வீட்டு மருமகளைப் பார்க்க வேண்டும் என்று நேராக உள்ளறைக்கே வந்துவிட்டாள். மைனி எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் கதவருகில் நின்று அவள் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மூன்று பிரி, ஒன்றும் தவறவில்லை.

"இப்பம் சுகந்தானா?"

"சுகந்தான்."

"ராத்திரி ஒறக்கம் வருதா?"

"வருது."

"நாத்தினாருக்கு நல்லாப் பின்னுத. என்ன பூ அது, பிச்சியா? கூடக் கொஞ்சம் வையி" என்று சொல்லிவிட்டு அவள் கூடத்துக்குப் போனாள். அங்கே போய், "தங்கமாட்டம் இருக்கா உங்க மருமவ, ஊர்ல என்னென்னமோ சொன்னாவ" என்று சொல்வது கேட்டது. அம்மா அதற்கு என்னவோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

மைனி பூவை வைத்தாள். ஓடையில் துணி அலசிய அந்த நாளிலிருந்து அவள் என்னிடம் வேலைக்கு வேண்டிய வார்த்தைகளைத் தவிர ஒன்றும் பேசியிருக்கவில்லை.

"மைனி" என்றேன். "எங்கிட்ட ஏதாவது பேசுங்க. வையவாவது செய்யுங்க."

அவள் சீப்பில் சிக்கிய என் முடியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து அம்மா, "சுந்தரி, காப்பியை எடுத்துக்கிட்டு வா, கேக்காவ பாரு" என்று கூப்பிட்டாள். நான் எழுந்தேன். மைனி என் முந்தானையைச் சரிசெய்தாள். தோளில் ஒரு கையை வைத்து என்னைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அங்க போயி உனக்கு ரெண்டு மாசம் நாள் தள்ளிப்போச்சுன்னா, யாருட்டச் சொல்லுவ சுந்தரி?"